மாமி பட்டன்

விருதுநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் எந்த வீட்டில் கல்யாணம் என்பது, மண்டபத்துக்காரருக்கு அடுத்தபடியாக பைரோஜாவுக்குத்தான் தெரியும். மணப்பெண்ணின் ஜாக்கெட்டுக்கு வெட்டியது போக மிச்சமான துணி ஒரு சாண், தையல்காரர் பையில் சுருண்டபடி அவளிடம் வந்து சேரும். அதை வட்டமாக வெட்டி, தகர மூடியின்மேல் போர்த்தி, அடித்தட்டை வைத்துப் பிரஸ்ஸில் ஓர் அழுத்து அழுத்தினால் துணி பட்டன். துணியைத் தொட்டதுமே அது பட்டா, பட்டு என்று சொல்லிக்கொள்கிற வேறு ஏதாவதா, பெண் வீட்டார் தாராளமாகச் செய்கிறவர்களா, செய்ததாகக் காட்டிக்கொள்கிறவர்களா என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை யாரிடம் சொல்வது என்பதுதான் பிரச்சினை. வீட்டில் இருப்பது அவளும் அந்தப் பிரஸ்ஸும் மட்டும்.

பஜாருக்குப் பின்பக்கத்துச் சந்தில், ஒரு மளிகைக் குடோனுக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் பிரஸ், மூடிகள், கத்தரிகள். பின்னறையில் அடுப்பு, பாய், பீரோ. கீழேயிருந்து மிளகாய் வத்தல் நெடி ஏறி வரும். புதிதாக வருகிற தையல்காரர்கள் தும்மிக்கொண்டேதான் படியேறுவார்கள். அந்தத் தும்மலை வைத்தே ஆள் புதுசா பழசா என்று உள்ளேயிருந்து கண்டுபிடித்துவிடுவாள்.

வேலைக்குப் பஞ்சமில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஜாக்கெட்டுக்குக் கொக்கி போதும் என்றிருந்தவர்கள் எல்லாம் இப்போது செல்போனில் படத்தைக் காட்டி, முதுகு நெடுக வரிசையாகப் பட்டன் வேண்டும் என்கிறார்கள். தையல்காரர்களோ எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் கொண்டுவந்து, நாளைக்குக் கல்யாணம் என்று கூசாமல் பொய் சொல்வார்கள். நாளைக்குக் கல்யாணம் இருக்காது. அடுத்த வாரம் இருக்கும். பைரோஜாவும் முடியவே முடியாது என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு, அன்றைக்கே செய்து கொடுத்துவிடுவாள்.

கல்யாணம் இல்லாத மாதங்களில் யூனிபார்ம் வரும். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்று, வேலை பார்க்கிற பெண்களுக்குச் சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளப் பருத்தியில் கோட்டு தைக்கிறது. தீப்பொறி பயத்தால் அதில் இரும்பு கிடையாது, நைலான் கிடையாது. பட்டனுக்கு உள்ளே இருக்கிற மூடிகூடத் தகரமாக இருக்கக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. அதற்கென்று பிளாஸ்டிக் மூடியைத் தனி டப்பாவில், தகர மூடி கலந்துவிடாதபடி பீரோவுக்குள் வைத்திருந்தாள். நீலத் துணியில் பட்டன் பட்டனாக அழுத்தி, மூட்டை கட்டி அனுப்புவாள். யூனிபார்ம் பட்டன் முன்பக்கத்துப் பட்டன். யாருடைய தயவும் வேண்டாம், காலையில் எழுந்து அவரவரே மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடலாம்.

முதுகுப் பட்டன் அப்படி இல்லை. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பற்றி பைரோஜா நினைக்காத நாள் கிடையாது. ஊரில் இருக்கிற முதுகுக்கெல்லாம் பட்டன் போட்டுக் கொடுக்கிறவள், தான் போட்டுக்கொள்வது முன்கொக்கி வைத்த ரவிக்கை. அவளுடைய கல்யாண ஜாக்கெட் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. புருஷன் அலி அக்பர் இருந்தவரை பெருநாளுக்கு அதைப் போடுவாள். மாட்டிவிடுவது அவர் வேலை. அச்சாபீஸில் நாலு கலரையும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்காரவைக்கிற மனுஷனுக்கு, பெண்டாட்டி முதுகில் பட்டன் வரிசை மட்டும் பிடிபடாது. நடுவில் ஒரு வளையத்தை விட்டுவிடுவார். கழுத்துக்கு வரும்போது ஒரு பட்டன் மிஞ்சும். "இது எதுக்குத்தான் வச்சிருக்காக?" என்று கேட்பார். அவர் மவுத்தாகி வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த ஜாக்கெட்டை அதற்குப் பிறகு அவள் போடவில்லை. போட முடியாது.

மகன் தவுபிக் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போன் செய்வான். சாப்பிட்டீகளா, மாத்திரை போட்டீகளா, பேத்தி பேசணும்ங்கிறா. பேத்தி பேசமாட்டாள், ஓடிவிடுவாள். இங்கே வந்து இருங்களேன் என்று அழைத்தான். போய்ப் பார்த்தாள். மருமகள் தங்கமான பெண், ஒரு வேலை செய்யவிடவில்லை. வேலை இல்லாமல் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வேலையோடு நாலு சுவரைப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டாள்.

அந்த மருமகளால்தான் தம்பி உறவு போனது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பைரோஜாவின் ஒரே கூடப்பிறப்பு அப்துல் ஹக்கீம். சிவகாசியில் அச்சாபீஸ் வெட்டுப் பேப்பர் வாங்கி விற்கிற வியாபாரம். அவனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தஸ்லிமாவைத் தவுபிக்குக்கு என்று தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். தவுபிக் திருப்பூரில் ஒரு பெண்ணைப் பார்த்து, இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டான். ஹக்கீம் இந்தப் படியேறி வந்து, கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்காமல் நின்றபடியே சொன்னான், இனி தன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அக்கா வேண்டாம் என்று. அக்காவின் மகன் செய்ததற்கு அக்கா என்ன செய்வாள் என்று கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு. நீட்டிய தண்ணீரோடு தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு தஸ்லிமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. பைரோஜாவைக் கூப்பிடவில்லை. மணப்பெண் உடுப்பு மதுரையில் ரெடிமேடாக எடுத்தது, பின்னால் ஜிப் வைத்தது என்று கேள்விப்பட்டாள். கூப்பிடாததைவிட அந்த ஜிப்தான் அவளை அறுத்தது. ஏன் என்று புரிய, அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பிரஸ் அவர்கள் அத்தாவுடையது, தகப்பனாருக்குப் பிறகு அவள் கைக்கு வந்தது. அத்தாவுக்கு ஓர் அக்காள் இருந்தாள். வாய்த்துடுக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சண்டையோடுதான் திரும்புவாள். இளவயதில் புருஷனை இழந்தவள், பிள்ளை கிடையாது. சொந்தத்தில் ஒவ்வொருவராக அவளை விசேஷத்துக்குச் சொல்லாமல் விட ஆரம்பித்தார்கள். அத்தா வாயைத் திறந்து யாரிடமும் நியாயம் பேசவில்லை. சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்தாலும் பட்டன் அவர்தானே போட வேண்டும்? கழுத்துப் பட்டனை மட்டும் மற்றதைவிட ஒரு நம்பர் பெரிதாகப் போட்டார். லூப்பு, அதாவது பட்டனை மாட்டுகிற வளையம், பழைய அளவிலேயே இருக்கும். சும்மா தள்ளினால் போகாது. பட்டனைப் படுக்கவைத்து, பாதியை உள்ளே சொருகி, மீதியைப் பெருவிரல் நகத்தால் ஒரு நெம்பு நெம்ப வேண்டும். அந்த வித்தையை அக்காளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார். அப்புறமென்ன, கல்யாண வீட்டில் பெண்கள் கூடி முட்டி மோதிப் பார்ப்பார்கள், முடியாது, மாமியைக் கூட்டியா என்று ஆள் ஓடும். மாமியும் நாலு கேள்வி கேட்டுவிட்டு, கூப்பிடாமல் வரமாட்டேன் என்று பிகு செய்துவிட்டு, வந்து மாட்டுவாள். மாட்டியவளைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா?

அப்படி வந்ததுதான் மாமி பட்டன். போகப் போக வழக்கமாகிவிட்டது. பெண்ணின் அத்தாவோடு பிறந்த மாமிதான் கழுத்துப் பட்டனை மாட்ட வேண்டும். பைரோஜாவுக்கு அந்தக் கிழவிதான் மாட்டினாள். நகம் பட்டுப் பிடரியில் எரிந்தது. எரிந்த இடத்தில் ஊதிவிட்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து வித்தையைச் சொன்னாள். உன் தம்பி பிள்ளைகளுக்கு நீதான் மாட்டணும், மறந்துராத என்றாள்.

போன மாசம் செந்தூர்பாண்டி தும்மாமல் படியேறி வந்தான். சிவகாசியில் தையல்கடை போட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது, திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். பையிலிருந்து துணி எடுத்தான். அரக்குச் சிவப்புப் பட்டில் பொட்டுப் பொட்டாக ஐந்திதழ் ஜரிகைப் பூ. நல்ல பட்டு. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பூ நடுவில் வரணும் என்றான். துணி இம்புட்டுத்தான் மிச்சம், ஒண்ணும் வீணாயிரக் கூடாது என்றான். யார் வீடு என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"பேப்பர் வியாபாரம் பாக்குற ஹக்கீம் பாய் வீடுக்கா. ரெண்டாவது பொண்ணு நாதியாவுக்கு. உங்களுக்கு அவுகளத் தெரியுமா?"

பைரோஜா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்விப்பட்டிருக்கேன் என்றாள்.

அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். அம்மாக்காரி ஜிப் போதும் என்றாளாம். பெண் கேட்கவில்லையாம். பின்னால் துணி பட்டன்தான் வேண்டும் என்று பிடிவாதமாம். மெஷின் பட்டன் கடையில் கிடைக்கும், பளபளவென்று இருக்கும் என்று இவன் சொல்லிப் பார்த்தானாம், அதுவும் வேண்டாம், கையால் போட்டதுதான் வேண்டும் என்றாளாம். நாதியாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பல் விழுந்திருந்தது. இதே பிரஸ்ஸுக்கு அடியில் உட்கார்ந்து, தவறி விழுகிற மூடிகளை எடுத்து டப்பாவில் போடுவாள். அந்தப் பிள்ளை கைப் பட்டன் கேட்டிருக்கிறது. கேட்டதற்கு அர்த்தம் இல்லாமலா இருக்கும்?

அவன் போனதும் வேலையில் உட்கார்ந்தாள். பூ நடுவில் நிற்க, வெட்டுகிற அச்சைத் துணியின்மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். உள்ளிருக்கும் தகரம் மினுங்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் வெள்ளை மல் துணி ஒரு அடுக்கு கொடுத்தாள். முதுகுப் பட்டன்கள் எல்லாம் முடிந்தன. ஒரு பூ மிச்சமிருந்தது. அது கழுத்துக்கு.

மூடி டப்பாக்கள் இரண்டும் முன்னால் இருந்தன. இருபதாம் நம்பர், அதற்கடுத்த பெரிசான இருபத்துநாலாம் நம்பர். பைரோஜா ரொம்ப நேரம் யோசித்தாள் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. பெரிய மூடியைத்தான் எடுத்தாள். பட்டன் கடைக்காரர் மகன்தானே ஹக்கீம். கையில் வாங்கிய உடனே தெரியும் அவனுக்கு. யார் போட்டது, ஏன் போட்டது எல்லாம் தெரியும். வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வராது. தம்பியிடம் கெஞ்சி நிற்கவும் வராது. அத்தா செய்ததைச் செய்துவிட்டாள், இனி அவன் பாடு.

செந்தூர்பாண்டி வாங்க வந்தபோது உடனே கண்டுபிடித்தான். ஒண்ணு பெரிசா இருக்கேக்கா, கை தவறிருச்சா என்றான். கை தவறவில்லை என்றாள்.

"அது கழுத்துக்கு. லூப்பு எல்லாத்துக்கும் ஒரே அளவுல வையி. இறுக்கமாத்தான் இருக்கும், இருக்கட்டும். பொண்ணோட அத்தா கையில ஒருக்கா கொடுத்துப் பாக்கச் சொல்லு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். வயசானவர்களுக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்திருப்பான்.

அன்றிலிருந்து பைரோஜா காத்திருந்தாள். தம்பி போன் நம்பர் மாற்றியிருப்பான், ஆனால் அவளுடைய நம்பர் பழசேதான். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று போனைச் சார்ஜரிலிருந்து கழற்றவே இல்லை. ஆள் அனுப்பினாலும் அனுப்புவான், நேரில் வந்தாலும் வருவான் என்று முன்னறையைக் கூட்டித் துடைத்தாள். படியில் காலடி கேட்டால் தும்மல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். வந்தது எல்லாம் தையல்காரர்கள். பச்சைக் கரைப் பட்டுச்சேலையை எடுத்து நிழலில் உலர்த்தினாள். பேத்திக்கு வைத்திருந்த புது வளையல்களை எடுத்து, இது நாதியாவுக்கு இருக்கட்டும் என்று தனியாக மடித்து வைத்தாள்.

வலது பெருவிரலில் நகம் வளர்த்தாள். இந்த வேலையில் நகம் ஆகாது, ஜரிகையைக் கொத்தி இழுத்துவிடும். வாரம் தவறாமல் ஒட்ட வெட்டிவிடுகிறவள், அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். கம்பெனி யூனிபார்ம் துணியில் அது சிக்கி இரண்டு தடவை நூல் கிளம்பியது. அந்த நீலத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டிக்கொண்டாள். அதற்காக வருத்தப்படவில்லை. வேலை முடிந்த சாயங்காலங்களில் ஒரு துண்டுத் துணியில் லூப்பு தைத்து, பெரிய பட்டன் ஒன்றைச் சொருகிப் பார்த்துப் பழகினாள். படுக்கவை, பாதி சொருகு, நெம்பு. கை மறக்கவில்லை. நாதியாவுக்குப் பிடரியில் எரிந்தால் ஊதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்கும்போது தனியாகச் சிரித்தாள். சிரித்துக் கொஞ்ச நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை தவுபிக் பேசும்போது, என்னம்மா குரல் தெளிவா இருக்கு என்று கேட்டான். ஒண்ணுமில்லை என்றாள். சொல்லியிருக்கலாம். நடந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள்.

செந்தூர்பாண்டி திரும்பவும் வந்தது ஒரு மத்தியான நேரம். உட்காரவில்லை, பஸ்ஸுக்குப் போக வேண்டும், சாத்தூரில் ஒரு அளவெடுப்பு இருக்கிறது என்றான். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே அந்தக் கழுத்துப் பட்டன், ஒற்றையாக.

ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கக் குடும்பத்தோடு கடைக்கு வந்தார்களாம். கழுத்துப் பட்டன் ஏறவில்லை. அம்மா முயன்றாள், அக்கா தஸ்லிமா முயன்றாள், முடியவில்லை. "இத யாரு மாட்டுறது?" என்று பெண் கேட்டதாம். அப்போதுதான் அவனுக்கு பைரோஜா சொன்னது ஞாபகம் வந்து, ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கி ஹக்கீம் பாய் கையில் கொடுத்திருக்கிறான்.

"பாய் பட்டனப் பெருவிரலால தடவுனாரு. அப்படியே வெளிய போயி ரோட்டப் பாத்து நின்னாரு. நான் வேற வேலைய ஆரம்பிச்சிட்டேன், அம்புட்டு நேரம் நின்னாரு. அப்புறம் உள்ள வந்து, இத மட்டும் மாத்திருங்க, மத்ததோட அளவுக்கே இருக்கட்டும்னாரு."

"போட்டது யாருன்னு கேட்டானா?"

"கேக்கலையேக்கா."

கேட்கவில்லை என்றால் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பைரோஜா முதல் தடவையாகத் தம்பியை அவன் இவன் என்று சொல்லிவிட்டதை செந்தூர்பாண்டி கவனிக்கவில்லை. அவன் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. துணி துளிகூட மிச்சமில்லை, இதையே பிரித்துச் செய்ய முடியுமா என்றான். முடியும் என்றாள். ஒரு அஞ்சு நிமிஷம் நில்லு என்றாள்.

கத்தரியின் முனையை அடித்தட்டுக்குக் கீழே கொடுத்து நெம்பினாள். தட்டு தெறித்து வந்தது. மூடி நசுங்கிவிட்டது, அது போகட்டும். துணியைப் பிரித்து விரிக்கப் போனபோது பெருவிரல் நகம் பூவின் ஓர் இதழில் மாட்டி, ஜரிகை இழை லேசாகக் கிளம்பியது. சட்டென்று கையை எடுத்தாள். அது கல்யாணப் பெண்ணின் துணி. அதில் ஒரு குறை இருக்கக் கூடாது. அதே கத்தரியால், அங்கே நின்றபடியே, நகத்தை ஒட்ட வெட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். கிளம்பிய இழையை ஊசி முனையால் உள்ளே தள்ளி நீவிவிட்டாள்.

பெரிய வட்டத்தைச் சின்னதாக வெட்டினாள். பூவை நடுவில் நிறுத்தினாள். பழைய மூடி பதித்த மடிப்புக்கோடு பின்பக்கமாகப் போய்விடும், யாருக்கும் தெரியாது. இருபதாம் நம்பர் டப்பாவைத் திறந்து மூடி எடுத்தாள். மல் துணி வைக்க மறக்கவில்லை. கைப்பிடியை இறக்கினாள். கண்ணில் நீர் நிறைந்து பட்டன் இரண்டாகத் தெரிந்தது. கீழே வத்தல் மூட்டை பிரிக்கிறார்கள் போல என்று செந்தூர்பாண்டி தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பழகுவதற்காகத் தைத்து வைத்திருந்த லூப்புத் துண்டு மேஜையிலேயே கிடந்தது. அதில் புதுப் பட்டனைச் சொருகிப் பார்த்தாள். படுக்கவைக்க வேண்டியிருக்கவில்லை, நெம்ப வேண்டியிருக்கவில்லை. ஒரே விரலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"சரியா இருக்காக்கா?" என்று கேட்டான்.

"சரியா இருக்கு. இனிமே யாரு வேணும்னாலும் மாட்டலாம்."

அதுதான் பாய் கேட்டாரு என்று சொல்லி, செந்தூர்பாண்டி பட்டனை வாங்கிப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாகப் படியிறங்கினான்.